தாத்தா எத்தனை போரில் இருந்தார்? தகர டப்பாவும் டிஸ்சார்ஜ் புத்தகமும் சொல்வது

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். "தாத்தாவின் மெடல்களுக்கு என்ன அர்த்தம்?" என்று மேலே கேட்டிருக்கிறீர்கள். உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்தால் கேட்க வந்தது அது மட்டும் இல்லை. திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுக்கொண்டிருந்தவர் 1959-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். சீனாச் சண்டை ஒன்று, பாகிஸ்தான் சண்டை இரண்டு, மூன்றுக்கும் போய் வந்தவர் என்று பாட்டி சொல்கிறார். ஏழே வருஷத்தில் ஊருக்கு வந்துவிட்டார், துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டதே இல்லை, வண்டி ஓட்டினார், அவ்வளவுதான் என்று பெரிய மாமா சொல்கிறார். அப்புறம் பெங்களூருக்கு வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் ஓட்டினார் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. பாட்டி சொல்வது உண்மையா, மாமா சொல்வது உண்மையா என்பதுதான் நீங்கள் கேட்பது. தாத்தா இருக்கும்போதே கேட்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தமும் அதில் தெரிகிறது.

நான் 1974-ல் ஏ.எஸ்.சி. எனப்படும் ஆர்மி சர்வீஸ் கோரில் கிளர்க்காகச் சேர்ந்து 2000-ல் சுபேதாராக ஓய்வு பெற்றவன். சேவைக் காகிதங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசில் இரண்டு தடவை போஸ்டிங். 65-ஐயும் 71-ஐயும் களத்தில் பார்த்தவன் இல்லை, பார்த்தவர்களின் காகிதங்களைக் கையில் வைத்துப் படித்தவன். இப்போது பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். இங்கேயும் மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கமும் இருக்கிற பட்டாளத்துக் குடும்பங்களுக்கு பென்ஷன் மனு எழுதித் தருவது என் வேலையாகிவிட்டது. அதனால் உங்கள் தாத்தாவைப் பற்றி நான் சொல்லப்போவது காகிதமும் மெடலும் எதுவரை பேசுமோ அதுவரைக்கும்தான். அதற்கு மேல் ஊகமாகச் சொல்கிற இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே எழுதிக் கேட்டதற்கு தாத்தாவின் பட்டாளத்து நம்பர் தங்களுடையது இல்லை என்று பதில் வந்ததாம். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் பட்டாளம் என்றாலே எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், சாப்பர்ஸின் இன்னொரு பெயர்) என்றுதான் நினைப்பு ஓடும். 1780-ல் தொடங்கிய படை, அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது, அங்கே இருக்கிற ஜவான்களுக்கு 'தம்பி' என்றே பட்டப்பெயர். வடஆற்காட்டிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி வந்து பட்டாளத்தில் சேர்ந்தார் என்று கேட்டால் யாராக இருந்தாலும் சாப்பர்ஸ் என்றுதான் முடிவு கட்டுவார்கள். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் படத்தில், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே படைப்பிரிவு என்ற இடத்தில் ஏ.எஸ்.சி. என்று டைப் அடித்திருக்கிறது. டிரேடு என்ற இடத்தில் டிரைவர் எம்.டி., அதாவது மோட்டார் வண்டி ஓட்டுநர். ஏ.எஸ்.சி.க்கும் பெங்களூரில் மையம் உண்டு. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனி நம்பர் வரிசை என்பதால் சாப்பர்ஸ் ஆபீசில் அவர் பெயர் கிடைக்காதது சரிதான். நீங்கள் எழுத வேண்டியது பெங்களூர் அகரம் போஸ்டில் இருக்கும் ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் (சவுத்) அலுவலகத்துக்கு.

அடுத்து, உங்களைக் குழப்பிய கணக்கு. 1959-ல் சேர்ந்தவர் 1966-ல் ஊருக்கு வந்துவிட்டார் என்றால் 1971 போரின் மெடல் எப்படி டப்பாவில் இருக்கிறது? யாரோ ஒருவருடைய மெடல் கலந்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். கலக்கவில்லை. புத்தகத்தில் "7 வருஷம் கலர், 8 வருஷம் ரிசர்வ்" என்று ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, முழு விடையும் அதில்தான். அந்தக் காலத்தில் சேர்ந்த நிறையப் பேருக்கு இதுதான் ஒப்பந்தம். ஏழு வருஷம் முழுநேரச் சேவை, அதற்குக் கலர் சர்வீஸ் என்று பெயர். அது முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் பெயரை அடிக்க மாட்டார்கள். இன்னும் எட்டு வருஷம் ரிசர்விஸ்ட். மாதாமாதம் ஒரு சின்னத் தொகை வரும், இடையில் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், போர் வந்தால் தந்தி வரும். வந்தால் கிளம்பியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்து 15 வருஷம் ஆனால் ரிசர்விஸ்ட் பென்ஷன்.

ஆக உங்கள் தாத்தா 1966-லிருந்து 1974 வரை விவசாயியும்தான், பட்டாளத்தானும்தான். இதை ஊர்க்காரர்கள் பலரும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. "ஏழு வருஷத்தில் வந்துவிட்டான்" என்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். பட்டாளத்தை விட்டு ஓடி வந்தவர் என்று பேசப்பட்ட ஒருவரின் மகள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார், அவர் அப்பாவும் இதே மாதிரி ரிசர்விஸ்ட்தான். கேழ்வரகு அறுக்கிற நேரத்தில் தந்தி வந்தது, அரிவாளைக் களத்திலேயே போட்டுவிட்டுப் போனார் என்று பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1971 போர் டிசம்பர் 3-ல் தொடங்கி 16-ல் முடிந்தது. கார்த்திகை மாதம். ரிசர்வில் இருந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டதும், உங்கள் பக்கத்துக் கேழ்வரகு அறுப்பும், பாட்டியின் ஞாபகமும் ஒன்றுக்கொன்று முட்டாமல் பொருந்துகின்றன. பாட்டியின் பேச்சில் இந்தப் பகுதியை நான் அப்படியே நம்புகிறேன்.

இனி தகர டப்பா. ஐந்து இருக்கின்றன என்கிறீர்கள்: ஒரு ஸ்டார், நான்கு வட்ட மெடல். ஐந்து மெடல் என்றால் ஐந்து போர் என்று மாமாவின் பையன் சொன்னாராம். அப்படி எண்ணக் கூடாது. சில மெடல் போர் நடந்த இடத்தில் இருந்ததற்கு, சில மெடல் அந்தச் சமயத்தில் சேவையில் இருந்ததற்கு, சிலது வேறு காரணங்களுக்கு. 'இருந்தார்' என்பதற்கும் 'அங்கே இருந்தார்' என்பதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பாட்டிக்கும் மாமாவுக்கும் நடுவில் இருக்கும் வழக்கு.

ஸ்டார் என்று நீங்கள் படம் போட்டிருப்பது சமர் சேவா ஸ்டார், 1965. இது எல்லோருக்கும் கொடுத்தது இல்லை. 1965 ஆகஸ்ட் 5-லிருந்து 1966 ஜனவரி 25 வரையான காலத்தில், போர் நடந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது. டப்பாவில் இருப்பதிலேயே கனமான சாட்சி இதுதான். அதோடு இருக்கும் ரக்ஷா மெடல், 1965, வேறு மாதிரி. அந்த ஆகஸ்ட் 5-ஆம் தேதி சேவையில் இருந்து 180 நாள் முடித்திருந்தால் போதும், நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கிடைத்திருக்கும். ரக்ஷா மெடலை மட்டும் காட்டி என் அப்பா லாகூர் வரை போனார் என்று சொல்பவர்கள் உண்டு. மெடல் அப்படிச் சொல்லாது. உங்கள் தாத்தாவுக்கு இரண்டும் இருப்பதால் 1965-ஐப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். அவர் அங்கே இருந்தார்.

மூன்றாவது சங்க்ராம் மெடல். 1971 டிசம்பர் 3-லிருந்து 1972 டிசம்பர் 20 வரையான காலத்தில் சேவையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது, ரக்ஷா மெடலின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 71-ல் போர்முனைப் பகுதியில் இருந்தவர்களுக்கென்று தனியாக இரண்டு ஸ்டார்கள் உண்டு: கிழக்கே வங்கதேசப் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். டப்பாவில் இரண்டுமே இல்லை. நான்காவது, இந்தியச் சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று சேவையில் இருந்தவர்களுக்கு. பலர் இதை அலங்கார மெடல் என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் தாத்தா விஷயத்தில் இது ஒரு முக்கியமான தேதியைச் சொல்கிறது: பதினான்கு நாளில் போர் முடிந்தும் அடுத்த ஆகஸ்ட் வரை அவரை வீட்டுக்கு விடவில்லை. குறைந்தது எட்டு மாதம். அந்தப் போகத்தை யார் அறுத்தார்கள், அடுத்த போகத்தை யார் விதைத்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது சைன்ய சேவா மெடல், ரிப்பன் மேல் ஒரு சின்னப் பட்டையில் 'ஹிமாலயா' என்று இந்தியில் எழுதியிருக்கிறது. அந்தப் பட்டைக்கு கிளாஸ்ப் என்று பெயர். கடுங்குளிரும் கஷ்டமும் உள்ள இடங்களில் குறிப்பிட்ட காலம் வேலை செய்ததற்கு இதைக் கொடுப்பார்கள். எந்தப் போருக்காகவும் இல்லை. உங்கள் சீனாச் சண்டைக் கேள்வி இங்கேதான் நிற்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஏனென்றால் அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். போஸ்டிங் பக்கத்தில் 1964-லிருந்து 1966 வரை ஒரு நம்பரும் அதன் பக்கத்தில் 'எஃப்.டி. ஏ.எம்.பி.' என்ற எழுத்துகளும் இருப்பதாகவும், அது ஏதோ வண்டியின் பெயராக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வண்டி இல்லை, தம்பி. அது ஃபீல்டு ஆம்புலன்ஸ். பட்டாளத்தில் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்பது ஒரு யூனிட். டாக்டர்கள், நர்சிங் அசிஸ்டென்ட்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள், கூடாரங்கள், வண்டிகள் எல்லாம் சேர்ந்த மருத்துவப் படை. கொரியாவுக்கு 1950-ல் இந்தியா அனுப்பியதும் இப்படி ஒரு யூனிட்டைத்தான், 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். அதற்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் மகாவீர் சக்ரா வாங்கினார். டாக்டர்களும் நர்சிங் ஆட்களும் ஆர்மி மெடிக்கல் கோரைச் சேர்ந்தவர்கள். வண்டி ஓட்ட ஏ.எஸ்.சி.யிலிருந்து டிரைவர்களை அந்த யூனிட்டோடு சேர்த்துவிடுவார்கள். உங்கள் தாத்தா அப்படிச் சேர்க்கப்பட்டவர்.

அங்கே வேலை எப்படி நடக்கும் என்றால், பட்டாலியனின் டாக்டர் குண்டு விழுகிற தூரத்திலேயே ஒரு பள்ளத்திலோ சுவர் மறைவிலோ உட்கார்ந்திருப்பார். அது ரெஜிமென்டல் எய்ட் போஸ்ட். அடிபட்டவனுக்கு அங்கே ரத்தத்தை நிறுத்தி, கட்டுப்போட்டு, மார்ஃபியா கொடுப்பார்கள். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரிலோ ஜீப்பிலோ பின்னால் இருக்கும் அட்வான்ஸ்டு டிரெஸ்ஸிங் ஸ்டேஷனுக்கு. இது ஃபீல்டு ஆம்புலன்ஸின் முன் கை. அங்கே பிரிப்பார்கள்: உடனே ஆபரேஷன் தேவைப்படுபவன், கொஞ்சம் தாங்குபவன், உட்கார்ந்து போகக்கூடியவன். அதன்பிறகு ஆம்புலன்ஸ் வண்டி, பின்னால் ஆபரேஷன் வசதி உள்ள இடத்துக்கு, அங்கிருந்து ராணுவ ஆஸ்பத்திரிக்கு. டிரைவர் ஒரே பாதையில் இரவு பகலாக முன்னும் பின்னும் போய் வருவான். முன்னால் போகும்போது காலி வண்டி, திரும்பும்போது நிறைந்த வண்டி. குண்டும் குழியுமான பாதையில் வேகமாகப் போனால் உள்ளே இருப்பவனின் உடைந்த எலும்பு சதையைக் கிழிக்கும், மெதுவாகப் போனால் ரத்தம் நிற்காது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் அந்த டிரைவரின் தொழில்.

இன்னொன்று. சின்ன வயதில் தாத்தா உங்களிடம் "வெள்ளைக் குண்டைப் பார்த்துக்கிட்டே போகணும், அதை விட்டா செத்தோம்" என்று சொல்வார், என்ன குண்டு என்று இன்றுவரை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் புரிந்தது. போர்ப் பகுதியில் இரவில் ஹெட்லைட் போடக் கூடாது. ராணுவ லாரியின் பின் ஆக்ஸில் நடுவில் உருண்டையாக இருக்கிறதே டிஃபரன்ஷியல், அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதன் மேல் மட்டும் விழுகிற மாதிரி அடியில் ஒரு சின்ன பல்பு. மேலே விமானத்திலிருந்து தெரியாது, பின்னால் வரும் டிரைவருக்கு மட்டும் அந்த வெள்ளை உருண்டை தெரியும். அதை வைத்துத்தான் கான்வாய் முழுக்க நகரும். ரோட்டில் ராணுவ வண்டி போனால் குனிந்து பாருங்கள், இன்றைக்கும் அந்த வெள்ளை உருண்டையைப் பார்க்கலாம். பயிற்சியிலும் இதைக் கற்றுக்கொடுப்பார்கள், அதனால் இது மட்டும் போருக்குச் சாட்சி ஆகாது. ஆனால் ஸ்டார், போஸ்டிங் பக்கம், இந்தப் பேச்சு மூன்றையும் சேர்த்து வைத்தால் 1965 செப்டம்பரில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் படமாகத் தெரிகிறது.

மாமா சொல்வதும் இங்கே வந்து பொருந்துகிறது. ஜெனீவா ஒப்பந்தப்படி சிவப்புச் சிலுவை போட்ட மருத்துவ வண்டி சண்டையில் கலக்கக் கூடாது. அதில் இருப்பவர்கள் தங்களையும் நோயாளிகளையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆயுதத்தைத் தொடலாம். தாத்தா மாமாவிடம் "நான் யாரையும் சுடலை" என்று சொல்லியிருந்தால் அது அட்சரம் பிசகாத உண்மை. மாமா அதைக் கேட்டு, அப்படியானால் இவர் போருக்கே போகவில்லை என்று எடுத்துக்கொண்டார். பாட்டிக்கு வந்த கடிதமும் தந்தியும் வேறு மாதிரி சொல்லின. ஒரே மனிதரைப் பற்றி இரண்டு பேரும் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். என் சொந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு. தாத்தா ஆம்புலன்ஸ் வேலையைப் பெங்களூரில் வயிற்றுப் பிழைப்புக்காகப் பிடித்துக்கொண்டார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறீர்கள். அவர் அந்த வேலையை 1964-லேயே தொடங்கிவிட்டார்.

1965-ல் எந்த செக்டார், கேம் கரனா, சியால்கோட் பக்கமா, காஷ்மீரா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை ஸ்டார் சொல்லாது. ஃபீல்டு ஆம்புலன்ஸின் நம்பர் தெரிந்தால் அது எந்தப் படையணியோடு இருந்தது என்று பார்த்து ஓரளவு நெருங்கலாம். உங்கள் படத்தில் நம்பர் மேல் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. புத்தகத்தைத் தரையில் வைத்து, வெயில் நேராக விழாத இடத்தில், விரல் படாமல் எடுத்துப் போடுங்கள்.

சரி, சீனாச் சண்டை. 1962 அக்டோபர் 20-லிருந்து நவம்பர் 21 வரை நடந்தது. தாத்தா அப்போது கலர் சர்வீஸில் இருந்தார், அதில் சந்தேகம் இல்லை. 1965-க்கும் 71-க்கும் இருக்கிற மாதிரி 62-க்கென்று தனி ஸ்டார் கிடையாது, போர்முனைப் பகுதியில் இருந்தவர்களுக்கு ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947-ல் 'லடாக் 1962', 'நேஃபா 1962' (இன்றைய அருணாசலப் பக்கம்) என்ற பட்டைகள்தான் உண்டு. டப்பாவில் அந்த மெடல் இல்லை, ஆனால் அது இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். 'ஹிமாலயா' பட்டை அவர் மலைப்பகுதியில் இருந்தார் என்று மட்டும் காட்டுகிறது, எந்த வருஷம் என்று காட்டவில்லை. 62-க்குப் பிறகு மலைக்கு நிறையப் பேரை அனுப்பினார்கள், 63-லேயோ 64-லேயோ போயிருக்கலாம். போஸ்டிங் பக்கத்தில் 1961-க்கும் 1964-க்கும் நடுவில் ஒரு வரி தண்ணீர் பட்டு அழிந்திருக்கிறது என்று சொல்கிறீர்கள், அந்த ஒரு வரிதான் இதற்கு விடை. பாட்டி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஊரில் வானொலி கேட்டுப் பயந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் புருஷன் பட்டாளத்தில் இருந்தால் அவன் சண்டையில்தான் இருக்கிறான். ஆனால் குடும்ப வரலாறு எழுதும்போது 62-ஐ "சேவையில் இருந்தார்" என்று மட்டும் எழுதுங்கள், ரெக்கார்ட்ஸ் பதில் வரும் வரை.

71-க்கும் அதே மாதிரி ஒரு கோடு போட வேண்டும். ஸ்டார் இல்லாததால் அவர் போர்முனைப் பகுதிக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொள்வதே நியாயம். "பூனாவில் இருந்தார், ரயிலில் வந்தவர்களை இறக்கினார்" என்று பாட்டி சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதைப் புறக்கணிக்காதீர்கள். காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரி ரயில்களில் பின்னால் உள்ள ஊர்களுக்குக் கொண்டு வருவது உண்டு. பூனாவில் பெரிய ராணுவ ஆஸ்பத்திரியும், 1944-லிருந்து செயற்கைக் கால் கை பொருத்தும் மையமும் இருக்கின்றன. கால் போனவர்கள் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவார்கள். ஃபீல்டு ஆம்புலன்ஸில் பழகிய டிரைவர் ஒருவர் ரிசர்விலிருந்து திரும்பி வந்தால் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓட்ட அவரைப் போடுவது இயல்பு. இது என் ஊகம். பாட்டியின் பேச்சு, எட்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தது, ஸ்டார் இல்லாதது, மூன்றும் இதற்கு ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். பழைய கடிதங்கள் ஏதாவது கிடைத்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் அலுவலகம்) என்று இருந்தால் வடக்கு, மேற்குப் பக்கம், 99 ஏ.பி.ஓ. என்று இருந்தால் கிழக்கு. ஊர்ப் பெயர் இருக்கவே இருக்காது, மறைப்பதற்காகத்தானே அந்த முகவரி.

பெங்களூர் வருஷங்களைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் அதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பட்டாளத்து டிரைவர்கள் ராணுவ லைசென்ஸை சிவில் லைசென்ஸாக மாற்றிக்கொண்டு பஸ் கம்பெனிகளிலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் சேர்ந்தார்கள். சம்பளமும் வேலை நேரமும் அங்கேதான் நன்றாக இருந்தன. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸுக்குப் போனவர்கள் குறைவு. கர்நாடகத்தில் 108 வண்டி வந்ததே 2008 நவம்பரில்தான். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிகள் தாங்களே வைத்திருந்த வண்டிகள்தான் ஊருக்கு ஆதாரம். மெட்டடார் வேன், உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் பெரிய விஷயம். டிரைவரும் ஒரு வார்டு பாயும்தான் எல்லாமே. கழுத்தை அசைக்காமல் தூக்கத் தெரிந்தவர் அந்த வண்டியில் யாராவது இருந்தார் என்றால் அது பெரும்பாலும் இப்படிப் பட்டாளத்திலிருந்து வந்தவராகத்தான் இருக்கும்.

இன்னொரு கஷ்டம் அப்போது இருந்தது. ரோட்டில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போனால் "போலீஸ் கேஸ், இங்கே எடுக்க மாட்டோம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். சிவில் வண்டி டிரைவர் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்க வேண்டும். 1989-ல் உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், காகிதம் பிறகு என்று சொன்னது. உங்கள் தாத்தா அந்தத் தீர்ப்புக்கு முன்னால் பதினைந்து வருஷம், பின்னால் ஏழெட்டு வருஷம் என்று இரண்டு காலத்திலும் ஓட்டியவர். கூட வேலை செய்தவர் ஒருவர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறார் என்கிறீர்களே, அவரிடம் இதைக் கேளுங்கள். 1981 பிப்ரவரி 7-ல் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்து தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பாதிக்கு மேல் குழந்தைகள். 1983 செப்டம்பர் 12-ல் கங்காராம் கட்டிடம் இடிந்து நூறு பேருக்கு மேல் போனார்கள். அந்த இரண்டு நாளும் ஊரில் ஓடக்கூடிய வண்டி எதுவும் சும்மா நின்றிருக்காது. தாத்தாவின் வண்டி எங்கே போனது என்று அந்தப் பெரியவருக்கு ஞாபகம் இருக்கலாம். அவருக்கும் வயது எண்பதைத் தாண்டியிருக்கும், தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. பாட்டிக்கு மாதாமாதம் பட்டாளத்துப் பணம் வருகிறது என்று எழுதியிருப்பதே பெரிய நிம்மதி. பென்ஷன் இல்லாமல் போனவர்களின் சேவைக் காகிதங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. நீண்ட பதிவேடு என்று சொல்லும் லாங் ரோலில் சில வரிகள் மட்டும்தான் மிஞ்சும். பென்ஷன் ஓடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பதற்கு வாய்ப்பு கூடுதல். பாட்டியின் பி.பி.ஓ., அதாவது அலகாபாத்திலிருந்து வந்த பென்ஷன் உத்தரவை வங்கிப் பாஸ்புத்தகத்தோடு தேடி எடுங்கள். அதில் தாத்தாவின் நம்பர், ராங்க், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி எல்லாம் இருக்கும். மனுவைப் பாட்டியின் பெயரிலேயே எழுதுங்கள், அவர்தான் சட்டப்படி உரியவர். பேரன் என்று நீங்கள் எழுதினால் முதல் கடிதத்திலேயே உறவுச் சான்று கேட்டு நாள் போய்விடும். இறப்புச் சான்றிதழின் நகல், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புத்தக முதல் பக்கத்தின் நகல் வையுங்கள். பதிலே வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், ஆனால் முதலில் சாதாரண மனுதான் நல்லது.

மனுவில் இரண்டு இடத்தில் கவனம். சொந்த மாவட்டம் திருப்பத்தூர் என்று எழுதாதீர்கள். அந்த மாவட்டம் 2019-ல் வந்தது. 1959-ல் அது வடஆற்காடு, புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும், அதையே எழுதி அடைப்புக்குள் இன்றைய பெயரைப் போடுங்கள். பெயரின் எழுத்தும் அப்படியே. பட்டாளத்தில் சேர்த்த கிளர்க் ஆங்கிலத்தில் எப்படி எழுதினாரோ அதுதான் பெயர். ஆதாரில் வேறு எழுத்து இருந்தாலும் மனுவில் பட்டாளத்து எழுத்தைத்தான் போட வேண்டும். என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: 1961 முதல் 1966 வரை எந்தெந்த யூனிட்டில் இருந்தார், 1971-ல் திரும்ப அழைக்கப்பட்ட தேதி, எந்த யூனிட்டுக்குப் போனார், விடுவிக்கப்பட்ட தேதி, தரப்பட்ட மெடல்களின் பட்டியல். "தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது.

மெடல்களைப் பளபளப்பாக்கி ஃபிரேம் போட வேண்டும் என்று அம்மா சொல்கிறாரே, அதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். புளி, எலுமிச்சம்பழம், வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் வேண்டாம். வட்ட மெடல்களின் விளிம்பிலும் ஸ்டாரின் பின்பக்கத்திலும் நம்பர், ராங்க், பெயர் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தேய்த்துத் தேய்த்து அது மழுங்கிப் போன மெடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து அந்த எழுத்தைப் படித்து, ஐந்திலும் ஒரே நம்பர்தானா என்று முதலில் பாருங்கள். ஒரே நம்பர் என்றால் வேறு யாருடையதும் கலந்துவிட்டதோ என்ற சந்தேகமும் அன்றோடு தீரும்.

சனிக்கிழமை காலையில் நான் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பக்கம் நடக்க வருவேன், ஒன்பது மணி வரை இருப்பேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் கொண்டு வாருங்கள். மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். டப்பா வீட்டிலேயே இருக்கட்டும், மழைக்காலம்.